அப்பாவிடம் இன்னும் "அல்சர்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். சொல்வதா, மறைப்பதா?

தென்காசிச் சாரல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் யாரிடமும் பேச முடியாத விஷயம் என்பதால் வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. தையல்காரர். நாற்பது வருடமாக ஒரே கடை, ஒரே மிஷின். ஆடி மாதத்திலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, ரெண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள், சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். இரைப்பையில் புற்றுநோய். கல்லீரலுக்கும் போய்விட்டது.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அப்பாவை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு அண்ணனிடமும் என்னிடமும் பேசினார். குணமாக்க முடியாது, கீமோ கொடுத்தால் கொஞ்ச காலம் கூடும், தொந்தரவும் குறையலாம் என்றார். "அப்பாகிட்ட நாங்க சொல்லவா, நீங்களே சொல்லிடுறீங்களா?" என்று கேட்டார். அண்ணன் யோசிக்கவே இல்லை. "சொல்லவே வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்."

அன்றிலிருந்து அல்சர்தான். குடலில் புண், அதற்குத்தான் இந்த மருந்து ஏற்றுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறோம். ஆஸ்பத்திரி முன்வாசலில் பெரிய போர்டு இருக்கிறது என்பதால் ஆட்டோவைப் பின்பக்கம் கேன்டீன் வழியாக விடச் சொல்கிறோம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போட்டுவிடுகிறோம். பைல் அண்ணன் வீட்டு பீரோவில். பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே மறித்து "எதுவும் பேசிடாதீங்க" என்று சொல்லி உள்ளே அனுப்புவது என் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அப்பா அளவு நாடாவைத் தன் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் அளவு நோட்டு திறந்து கிடந்தது. கடைசிப் பக்கத்தில், வாடிக்கையாளர்களுக்கு எழுதுவதைப் போலவே, தன் பெயரைப் போட்டு ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தார்: 34, 33, 32½, 31, 30. எதிரே தேதிகள். என்னைப் பார்த்ததும் நோட்டை மூடவில்லை.

"அல்சர்ல இவ்வளவு இளைக்குமாம்மா?"

"சாப்பிடாம இருந்தா இளைக்கத்தானப்பா செய்யும்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேண்ட்டை உள்பக்கம் திருப்பி இடுப்பைப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தார். மூன்றாவது தடவையாகப் பிடிக்கிறார்.

அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அப்பா தெருவில் 20 பேரை வைத்துச் சீட்டு நடத்துகிறார். மாதம் 2000 ரூபாய். சித்திரையில்தான் முடியும். யார் எடுத்தார்கள், யார் பாக்கி, எல்லாம் அவர் மனதில்தான். அவரிடம் நாங்கள் எதைச் சொல்லிக் கணக்கைக் கேட்பது?

அண்ணன் கெட்டவன் இல்லை. அப்பா மேல் அவனுக்குத்தான் என்னைவிட உயிர். ஆனால் இது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

சகோதரி, நாங்களும் இதையே செய்தோம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். "கட்டி இருக்கு, கரண்ட் வச்சா கரைஞ்சிடும்" என்று சொல்லி வைத்திருந்தோம். கரண்ட் என்றது கதிர்வீச்சுச் சிகிச்சையை. பதினொரு மாதம். நான், தம்பி, தங்கை மூன்று பேரும் அம்மா முன்னால் சிரித்துக்கொண்டே இருந்தோம். அழுகை வந்தால் மாடிக்குப் போய்விடுவோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவின் தோடு, தங்கை பிள்ளைக்கு என்று வாங்கிய ஒரு கொலுசு, போஸ்ட் ஆபீஸ் புத்தகம். அம்மா எட்டு மாதத்துக்கு முன்னாலேயே அதை அவரிடம் ஒப்படைத்துவிட்டாராம். "எனக்கு இருக்கிறது கேன்சர்தான்னு கரண்ட் வைக்கிற எடத்துல கூட உக்காந்திருந்தவங்க பேசுனதுல தெரிஞ்சிடுச்சு. பிள்ளைங்களுக்கு எனக்குத் தெரியும்ங்கிறது தெரிய வேண்டாம். தாங்க மாட்டாங்க."

அண்ணன் சொன்ன அதே வார்த்தை, பாருங்கள். தாங்க மாட்டாங்க.

நாங்கள் அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்தோம், அம்மா எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த எட்டு மாதம் அம்மாவுக்குப் பேசக் கிடைத்தது பக்கத்து வீட்டு அக்கா ஒருத்திதான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொங்குத் தோழன்

எல்லாரும் ஒரே பக்கம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேனுங்க. நான் சொன்னவன். சொல்லிவிட்டு இன்றைக்கு வரை வருந்துகிறவன்.

அப்பாவுக்கு நுரையீரலில் வந்தது. நான் படித்தவன், உண்மையை மறைக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலமே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலாவது ஸ்டேஜ், ஆறு மாதம் என்கிறார்கள் என்பது வரைக்கும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். ஆறு மாதம் என்றார்கள், ஏழு வாரத்தில் போய்விட்டார்.

நோய் வேகமாகப் போயிருக்கலாம் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஏழு வாரத்தில் ஒரு நாளாவது பழையபடி தோட்டத்தில் நின்றிருப்பார், நான்தான் அதைக் கெடுத்தேன்.

"பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். உங்கள் அண்ணன் செய்வது பாவம் இல்லை. அவசரப்பட வேண்டாமுங்க.

இரவுப்பணி

புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிற டாக்டர் நான். இந்தக் காட்சியை வாரத்தில் பத்துத் தடவையாவது பார்க்கிறேன். நோயாளி உள்ளே நுழையும் முன்பே மகனோ மருமகனோ முந்திக்கொண்டு வந்து "பேஷண்ட்டுக்குத் தெரியாது டாக்டர்" என்று காதில் சொல்வார். உண்மையைச் சொன்னால், ஓபி-யில் 80 பேர் வரிசையில் நிற்கும்போது நாங்களும் அதற்குத் தலையாட்டிவிடுகிறோம். சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சொல்வதற்கு அரை மணி நேரம் வேண்டும், கதவு மூடுகிற ஒரு அறை வேண்டும். பல இடங்களில் ரெண்டும் கிடையாது. பாசம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை என்பதை எங்கள் தரப்பிலிருந்து ஒப்புக்கொள்கிறேன்.

விதி என்ன சொல்கிறது என்று சிலருக்குக் கேள்வி இருக்கும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளில், நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, நோயாளியோ உறவினர்களோ பொறுப்பான நண்பர்களோ நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு நிலைமையை அறிந்திருக்கும்படி டாக்டர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்த 'உறவினர்கள்' என்ற சொல் வழியாகத்தான் நாங்கள் எல்லாரும் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

சிகிச்சைக்குச் சம்மதம் என்று வரும்போது கதை வேறு. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவசர நிலை இல்லாதபோது, சுயநினைவு திரும்பித் தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்த ஒருவருக்காகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உங்கள் அப்பாவுக்குக் கீமோ படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார்? அண்ணனாகத்தான் இருக்கும். வாந்தியும் முடி உதிர்வும் வாய்ப்புண்ணும் அப்பாவுக்கு. எதற்காக அதைத் தாங்குகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அல்சருக்கு இவ்வளவு வேதனையா என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில்தான் இப்படி, வெள்ளைக்காரர்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1961-ல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் 219 டாக்டர்களிடம் கேட்டபோது சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே தங்கள் வழக்கம் என்றார்கள். 1979-ல் அமெரிக்காவில் இன்னொரு மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். 18 வருடத்தில் மனித மனம் மாறவில்லை. சிகிச்சைகள் பெருகின, நோயாளி கூடச் சேர்ந்து முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. இன்றைக்கு நம் ஊர் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

பழைய ஏடு

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் மாணவன் வைத்தியம் படிக்கத் தொடங்கும்போது எடுக்கும் உறுதிமொழி ஒன்று வருகிறது. நோயாளியின் ஆயுள் முடியப்போகிறது என்று தெரிந்தாலும், சொன்னால் அவருக்கோ மற்றவருக்கோ அதிர்ச்சி தரும் இடத்தில் அதைச் சொல்லாதே என்கிறது. ஆக நம் மரபும் கொங்குத் தோழர் பக்கம்தான் சாய்கிறது.

இரவுப்பணி

ஐயா, அந்த இடம் எனக்கும் தெரியும். அதில் நான் பார்ப்பது ஒன்றுதான்: சொல்லாதே என்கிறது, பொய் சொல் என்று சொல்லவில்லை. வாயை மூடிக்கொள்வது வேறு, அல்சர் என்று ஒரு பெயர் வைத்துப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போவது வேறு. தவிர, ஆயுளைப் பார்த்துச் சொல்வதைத் தவிர அன்றைய வைத்தியனிடம் பெரிதாக வேறு எதுவும் இல்லாத காலம் அது.

மூன்றாவது சுற்று

நான் பேஷண்ட். மார்பகப் புற்றுநோய், மூன்றாவது சுற்று மருந்து ஓடுகிறது. மறைத்தவர்களும் மறைப்பதற்கு ஆலோசனை சொல்கிறவர்களும் பேசுகிறீர்கள், மறைக்கப்பட்டவள் ஒருத்தி பேசட்டும்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. காப்பீட்டு கவுன்ட்டரில் கொடுத்த சீட்டைப் படித்துத் தெரிந்துகொண்டேன். 'சிஏ பிரெஸ்ட்' என்று எழுதியிருந்தது. ஏதோ டெஸ்ட் பெயர் என்று நினைத்துப் போனில் தேடினேன். டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், எனக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அப்போது மெடிக்கலில் நின்று, டாக்டர் எழுதிக் கொடுத்ததற்கு பில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ரெண்டு நாளாகத் தெரியும்.

நோய் வந்ததுகூட எனக்குப் பிறகுதான் உறைத்தது. என் உடம்பைப் பற்றி என் வீட்டுக்காரர், மாமனார், மச்சினர் எல்லாரும் கூடிப் பேசி முடித்துவிட்டு எனக்கு வெறும் 'கொழுப்புக் கட்டி' என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் சுட்டது. ஆம்பளைகளுக்கு மறைப்பதைவிடப் பொம்பளைகளுக்கு மறைப்பது சுலபம். பைல் நம் கையில் இருக்காது, டாக்டர் பேசும்போது நம்மைப் பார்க்க மாட்டார்.

கொங்குத் தோழன் அண்ணா, குறளைச் சொன்னீர்கள். அதில் "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று இருக்கிறது. குற்றமே இல்லாத நன்மை. என் விஷயத்தில் நன்மை வீட்டுக்காரருக்குத்தான் கிடைத்தது, ரெண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருக்க முடிந்தது. அதே வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நாலு பேரைச் சொல்கிறார்: "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று". நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். முதலில் வருவது உற்றவன். ஆஸ்பத்திரியில் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

கோபமாக எழுதிவிட்டேன். சாரல், உங்கள் மேல் கோபம் இல்லை. உங்கள் அப்பா தன் அளவை நோட்டில் எழுதி உங்களிடம் காட்டியிருக்கிறார். மறைக்க நினைத்திருந்தால் மூடியிருப்பார். அவர் கேட்டுவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நடத்துநர் குழு

மூலிகைச் சாறு ஒன்றைப் பரிந்துரைத்துத் தொலைபேசி எண்ணுடன் வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இந்த இழையில் மருந்து விற்பனை வேண்டாம்.

ஒசாகாவிலிருந்து

நான் ஜப்பானில் இருபது வருடமாக இருக்கிறேன். இங்கே வயதானவர்கள் சொல்வார்கள்: சக்கரவர்த்தி ஹிரோஹிதோவுக்கு 1987-ல் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் 1989 ஜனவரி 7 அன்று இறந்த பிறகுதான் முன்சிறுகுடலில் புற்றுநோய் என்று அரண்மனை அறிவித்தது. நாட்டின் சக்கரவர்த்திக்கே சொல்லவில்லை, அன்றைக்கு அதுதான் இங்கே முறை. இப்போது இங்கே நோயாளியிடம் நேராகப் பேசுகிறார்கள். என் மாமியாருக்கு வந்தபோது முதல் சந்திப்பிலேயே ஒரு தாள் கொடுத்தார்கள். நோயின் பெயர் தெரிய வேண்டுமா, எவ்வளவு காலம் என்பதும் தெரிய வேண்டுமா, யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் தனித்தனியாகக் கேட்டிருந்தது. மாமியார் பெயருக்கு 'ஆம்' போட்டார், காலத்துக்கு 'வேண்டாம்' போட்டார். அதை அப்படியே கடைப்பிடித்தார்கள்.

தெரிந்துகொள்ள மறுப்பதும் ஓர் உரிமைதான். ஐரோப்பாவில் 1997-ல் ஒவியேதோ நகரில் கையெழுத்தான மருத்துவ உரிமை ஒப்பந்தத்தில் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவர் நோயாளி. அவருக்குப் பதிலாக மகன் சொல்வதற்கு அதில் இடம் இல்லை.

வலிக்கு மாத்திரை

சாரல் தங்கச்சி, நான் நர்ஸ். வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைப் பிரிவில் 14 வருடம். வீடு வீடாகப் போகிற வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

"சொல்வதா வேண்டாமா" என்று நீங்களாக உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அப்பாவைக் கேளுங்கள். நாங்கள் ஒருபோதும் முதலில் சொல்வதில்லை, முதலில் கேட்போம். "ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" இந்தக் கேள்விக்கு வருகிற பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். அப்புறம், "சில பேர் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்பாங்க, சில பேர் பிள்ளைங்ககிட்ட பேசிக்கோங்கம்பாங்க. நீங்க எப்படி?" பிள்ளைகளிடம் பேசு என்று அவரே சொன்னால் அதோடு நிறுத்திவிடுவோம். கதவை மட்டும் சாத்த மாட்டோம். அடுத்த வாரம் போகும்போது மறுபடி கேட்போம், மனசு மாறும்.

வெளிநாட்டில் இதை ஆறு படியாகப் பிரித்து 2000-ல் ஒரு முறையாக வெளியிட்டார்கள், எங்களுக்கும் பயிற்சியில் அதைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதில் இல்லாத ஒரு படி நம் வீடுகளில் இருக்கிறது. அண்ணன். அவரைத் தள்ளிவிட்டு அப்பாவிடம் போகக் கூடாது. "சொல்ல வேண்டாம்" என்கிற மகனிடம் நான் வாதாட மாட்டேன். "அப்பா கேட்டா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் அங்கேயே உடைந்து அழுதுவிடுவார்கள். தன் வாயால் சொல்ல வேண்டி வருமோ என்பதுதான் பயம். "நீங்க சொல்ல வேண்டாம், நாங்க சொல்றோம், நீங்க பக்கத்துல உக்காந்தா போதும், அவர் கேக்காததை நாங்க சொல்ல மாட்டோம்" என்றால் பத்தில் எட்டு பேர் சரி என்பார்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன், கணக்கெடுத்தது இல்லை.

எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாதது ஒன்று இருக்கிறது: "இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்ல." பொய் அது. வலியைக் குறைக்கலாம், வாந்தியை நிறுத்தலாம், வயிற்றில் நீர் கோத்தால் எடுக்கலாம், தூங்க வைக்கலாம். கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் (morphine) மாத்திரையின் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து ஆதரவுச் சிகிச்சை கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கொங்குத் தோழன் அண்ணனுக்கு: நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லவில்லை அண்ணா. ஒரே நாளில், ஒரே மூச்சில், மாதக் கணக்கு வரைக்கும் கொட்டிவிட்டீர்கள். அவ்வளவையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ள யாராலும் முடியாது. பக்கத்தில் உங்களுக்கே ஆள் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள்.

கொங்குத் தோழன்

அம்மா, நன்றிங்க. ரெண்டு நாளாக இதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரு கேள்வி. கேட்டால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது என்கிறீர்கள். ஆனால் "தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்பதே பாதி சொன்ன மாதிரி ஆகிவிடாதா? சாதாரண அல்சருக்கு யாராவது அப்படிக் கேட்பார்களா?

வலிக்கு மாத்திரை

நியாயமான கேள்வி. ஆமாம், ஆகத்தான் செய்யும். அதனால்தான் நோய் என்னவென்று தெரியும் முன்பே, டெஸ்டுக்கு அனுப்பும்போதே கேட்டுவிட வேண்டும் என்கிறோம். "ரிசல்ட் வந்ததும் உங்ககிட்ட சொல்லவா, வீட்டுல யார்கிட்டயாவது சொல்லணுமா?" அப்போது அது யாருக்கும் சும்மா கேட்கிற கேள்விதான். சாரல் விஷயத்தில் அந்த நேரம் தாண்டிவிட்டது. ஆனால் ஆறு மாதமாகப் பின்வாசல் வழியாகப் போகிற மனிதருக்குப் பாதி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது அண்ணா.

வைகைக்கரை

டாக்டர் யாராவது பதில் சொல்லுங்கள்: சொன்னால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்பது உண்மையா? எங்கள் வீட்டில் மறைத்ததற்கு அதுதான் காரணம்.

இரவுப்பணி

தனி ஒருவருக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொங்குத் தோழரின் அப்பாவைப் போல உடைந்துபோகிறவர்கள் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பொதுவாகச் சொன்னால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 2010-ல் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரை ரெண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சைக் குழுவும் பேசியது. நோயைப் பற்றி, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்றெல்லாம் பேசினார்கள். அந்தப் பிரிவில் மனச்சோர்வு குறைவு. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவாகவே எடுத்தார்கள். ஆனாலும் கூடுதல் காலம் இருந்தார்கள்: 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். இது 'சொன்னார்களா, மறைத்தார்களா' என்று ஒப்பிட்ட ஆய்வு இல்லை, அதனால் இதை வைத்து எல்லாவற்றையும் நிறுவ முடியாது. மனம் திறந்து பேசுவதே ஆளைக் கொன்றுவிடும் என்ற பயத்துக்கு மட்டும் இது பதில்.

அப்புறம் ஒன்று. கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023-ல் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் எழுதினாலே போதும் என்றது. அல்சர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறவர் எதற்காக அதை எழுதப்போகிறார்? கடைசி ராத்திரி ஐசியு வாசலில் பிள்ளைகள் சண்டை போடுவதைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

தென்காசிச் சாரல்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை.

இந்த இழையை அண்ணனுக்கு அனுப்பினேன். முதலில் "வீட்டு விஷயத்தை வெளியில எதுக்கு எழுதுன?" என்று சத்தம் போட்டான். மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் போன் பண்ணினான். வைகைக்கரை அண்ணனின் மஞ்சள் பையைப் படித்திருக்கிறான். வேறெதுவும் பேசவில்லை, "டாக்டர்கிட்ட நீயே கேளு" என்றான்.

டாக்டர் வேறு நாளில் சாயங்காலமாக வரச் சொன்னார். நர்ஸ் ஒருவரும் உட்கார்ந்தார். அன்றைக்கு ஆட்டோவை முன்வாசலில் நிறுத்தினோம். அப்பா இறங்கி நின்று போர்டை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வேட்டியைச் சரி செய்துகொண்டு உள்ளே நடந்தார்.

டாக்டர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்கய்யா?" அப்பா முதலில் அண்ணனைப் பார்த்தார். "அல்சர்ன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அல்சருக்கு யாரும் பின்வாசல் வழியா கூட்டிட்டு வரமாட்டாங்கய்யா."

அண்ணன் குனிந்துவிட்டான். அப்பா அவன் தொடையில் கையை வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசினார். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் கேட்டதற்கு, "பேரைச் சொல்லுங்க. நாளைச் சொல்ல வேண்டாம். நான் ஒரு சீட்டு நடத்துறேன், சித்திரையில முடியுது. அது வரைக்கும் நான் பார்த்துக்க முடியுமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

டாக்டர் பெயரைச் சொன்னார். சீட்டைப் பற்றி, "உறுதியா சொல்ல முடியலைய்யா. இப்பவே நம்பிக்கையான ஒருத்தர் கையில கொடுத்துட்டு, நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கிறது நல்லது" என்றார். அப்பா "சரி" என்றார். இன்னும் கீமோ போட வேண்டுமா என்று அவரே கேட்டார். இன்னும் ரெண்டு போட்டுப் பார்க்கலாம், அதன் பிறகு முடிவு உங்களுடையது என்றார் டாக்டர். அடுத்த தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னார் அப்பா, கணக்கு முடிக்க.

இதனால் எல்லாம் நல்லபடியாக ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த ரெண்டு நாள் அப்பா யாரிடமும் பேசவில்லை. கஞ்சி அப்படியே இருந்தது. கொங்குத் தோழன் அண்ணன் எழுதியது ஞாபகம் வந்து எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது, தப்புப் பண்ணிவிட்டோமோ என்று. மூன்றாம் நாள் ராத்திரி அப்பாவும் அம்மாவும் சமையல்கட்டில் உட்கார்ந்து அழும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம். நாங்கள் போகவில்லை. மறுநாள் காலையில் கடைச் சாவியைக் கேட்டார்.

கொங்குத் தோழன்

சாரல், உங்கள் அப்பா கேட்டார். என் அப்பா கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லைங்க. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மூன்றாவது சுற்று

அம்மாவை விட்டுவிடாதீர்கள், சாரல். அவங்களும் இத்தனை மாதமாகத் தனியாகத்தான் சுமந்திருப்பாங்க.

தென்காசிச் சாரல்

சொன்னேன் அண்ணா. "அந்தத் தம்பியைக் கஷ்டப்பட வேண்டாம்னு சொல்லு" என்றார்.

அக்கா, அம்மா இப்போது மதியம் கடைக்கே சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார். முன்பெல்லாம் போனதே இல்லை.

சீட்டை மூன்றாவது வீட்டு வாத்தியாரிடம் ஒப்படைக்கப் போகிறார். நேற்று அளவு நோட்டைத் திருப்பி, தன் இடுப்பளவு எழுதியிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் 20 பெயரையும் வரிசையாக எழுதினார். ஒவ்வொரு பெயராக அவர் வாசிக்க, அண்ணன் போனில் கூட்டிக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் 500 ரூபாய் இடித்தது. ரெண்டு பேரும் மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்கள்.